அல்லித்தாங்கலில் படகு விட்ட கதை

அருப்புக்கோட்டையில் குடமும் கையுமாகக் குழாயடியில் வளர்ந்த பிரபாவதிக்கு ஒரே ஒரு ஆசைதான். படகில் போக வேண்டும். அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த சதாசிவத்தைக் கட்டிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கு வந்தவள், பக்கத்திலிருந்த அல்லித்தாங்கல் ஏரியைப் பார்த்து வாயைப் பிளந்தாள். “இவ்வளவு தண்ணி இருக்கு, ஒரு படகுகூட இல்லையே!” என்று இருபது வருஷம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சதாசிவத்துக்கு அந்த ஏரியில் வேறு பித்து. அல்லி இலைகளின் மேல் கால் எட்டிப்போட்டு நடக்கும் நீளவால் இலைக்கோழி. பார்த்தால் மகாராணி; வாயைத் திறந்தால் பூனைக்குட்டி. சாயங்காலம் ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் டிபன் கேரியரோடு கரைக்குப் போய், அந்தக் குரலைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். “உங்க பூனை கத்துச்சா?” என்று கேட்டபடியே அவள் காபி ஆற்றுவாள்.

தொண்ணூற்றாறில் அவர் மனமகிழ் மன்றத்துக்குச் செயலாளர் ஆனார். முதல் காரியமாகப் பெண்டாட்டியின் ஆசையைக் கையிலெடுத்தார். பஞ்சாயத்தும் மன்றமும் சேர்ந்து பெடல் படகு விடுவதாக முடிவாயிற்று. ஆனால் அல்லிக்கொடியில் பெடல் சிக்குமே? அதற்கென்ன, காந்தி ஜெயந்திக்கு வருஷா வருஷம் சிரமதானம் உண்டு. ரோட்டோரப் புல்லைப் பிடுங்கும் கூட்டம் அந்த வருஷம் ஏரியில் இறங்கியது. விஞ்ஞானிகள், குமாஸ்தாக்கள், வீட்டுப் பெண்கள் எல்லோரும் அல்லியையும் கோரையையும் வேரோடு இழுத்துக் கரையில் குவித்து, அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இத்தனை படித்தவர்களில் ஒருத்தருக்காவது, இனிமேல் அந்தக் கோழி எதன்மேல் நடக்கும் என்று தோன்றியதா? சதாசிவத்துக்கே தோன்றவில்லை என்பதுதான் கொடுமை.

முதல் படகில் அவரும் பிரபாவதியும் ஏறினார்கள். அவள் கூச்சல் போட்டாள், சிரித்தாள், தண்ணீரைக் கையால் அளைந்தாள். அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அடுத்த மழைக்கு ஏரி நிறைந்தது. பறவை வரவில்லை. அதற்கடுத்த வருஷமும் வரவில்லை. இலை நிழல் போன தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாயிற்று. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வீசியெறிந்த சிப்ஸ் பாக்கெட்டுகள் ஓரத்தில் மிதந்தன. சதாசிவம் மட்டும் தினமும் போய் நின்றுவிட்டு வந்தார். பூனையைப் பற்றிக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. ‘எல்லாம் உன்னாலதான்’ என்று ஒரு தடவை கத்தியிருந்தால்கூடத் தேவலை. மனுஷன் கத்தவே இல்லை.

இப்படியே வருஷங்கள் ஓடி, அவர் ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் இருந்தது. அப்புறம் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போயாக வேண்டும். அதற்குள் அந்தக் குரல் ஒரு தடவையாவது அவர் காதில் விழ வேண்டும் என்று பிரபாவதி தவித்தாள். படகுத்துறையைப் பார்த்துக்கொண்ட ஜெபகுமாரிடம் போனாள்.

“தெற்கு மூலைல படகு விடாதப்பா. அங்க அல்லி வைக்கப் போறேன்.”

“இன்னாம்மா இது! நீங்க ஆசைப்பட்டீங்கன்னுதான் படகே வந்துச்சுன்னு சார் சொல்லிகினு இருப்பாரு. இப்ப வோணான்றீங்க?”

“அப்பவும் நான்தான் கேட்டேன். இப்பவும் நான்தான் கேக்குறேன்.”

ஜெபகுமார் தலையைச் சொறிந்தான். “சரிம்மா, கவுறு கட்டிடலாம். ஆனா சாரோட அந்தக் கோழி வருமான்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க.”

செய்யூர்ப் பக்கத்துக் குட்டையிலிருந்து கிழங்கு வரவழைத்து, முழங்கால் சேற்றில் நின்று நட்டாள். “அன்னிக்குப் பிடுங்கினீங்க, இன்னிக்கு நடுறீங்களா?” என்று மன்றத்தில் கேலி செய்தார்கள். செய்யட்டும். இலை விரிந்தது, பூவும் பூத்தது. பறவையைத்தான் காணோம். அதற்குள் மாலை போட்டு அனுப்பும் நாளும், சாமான் ஏற்ற லாரியும் வந்துவிட்டன. கடைசிச் சாயங்காலம் சதாசிவம் அந்த மூலையில் வெகுநேரம் நின்றார். “இலை நல்லா விரிஞ்சிருக்கு, பிரபா” என்றார். அவ்வளவுதான். ஊர் போய்ச் சேரும்வரை அவள் அழுதுகொண்டே வந்தாள்.

அருப்புக்கோட்டை வீட்டில் மறுவருஷம் கார்த்திகையில் ஒரு காலை ஃபோன் அடித்தது.

“அம்மா, சாரைக் கூப்புடுங்க, சீக்கிரம்! கத்திகினு கீது!” ஜெபகுமார்தான். புதுசாக வாங்கிய செல்ஃபோனை ஏரிப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றான் போலும்.

சதாசிவம் ரிசீவரைக் காதில் வைத்தார். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. “நீயும் கேளு” என்று நீட்டினார்.

அவள் காதில் வைத்தபோது பறவை ஓய்ந்துவிட்டது. பெடல் சுற்றும் சளப் சளப் சத்தம். படகில் யாரோ ஒரு பெண் கூச்சல் போட்டுச் சிரித்தாள்.

“இருங்கம்மா, இன்னொரு தபா கத்தும்” என்றான் ஜெபகுமார்.

காத்திருந்தாள். அந்தச் சிரிப்பு கொஞ்சம் அடங்காதா என்று இருந்தது. அடங்கவே கூடாது என்றும் இருந்தது.

“கேக்குதா, பிரபா?”

“கேக்குது” என்றாள்.