ஆட்டுப் பாறையின் குளம்பு

ஆக்பெல் ஆற்றில் இன்றைக்குப் படகு இறக்கலாமா கூடாதா என்று சொல்வது குல்பராவின் வேலை. துடுப்புப் பிடிப்பது அவள் கணவன் எர்மெக்கின் வேலை. இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் அந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது. "பொண்டாட்டி தலையாட்டினாத்தான் இவன் தண்ணியில காலே வைப்பான்" என்பார்கள். எர்மெக்கும் கூடச் சேர்ந்து சிரிப்பான். அவனுக்கு ஆற்றின் மேல் கொள்ளை ஆசை. ஆசைப்பட்டவன் கண்ணுக்குக் குறை தெரியாது என்பது அவனுக்கே தெரியும், அதனால்தான் தீர்ப்பை அவளிடம் விட்டிருந்தான்.

படகில் போக வரும் சுற்றுலாக்காரர்களுக்காக அவர்கள் நடத்திய முகாமுக்குக் கீழே ஆற்றுக்குள் ஒரு பாறை, நிற்கிற ஆட்டைப் போலவே இருக்கும். பனிமலை உருகி வருகிற தண்ணீர்; வெயில் ஏறினால் ஏறும், குளிர்ந்தால் இறங்கும். ஆட்டின் முழங்கால் வரை நனைந்தால் யாரும் போகலாம். வயிறு நனைந்தால் பழகியவர்கள் மட்டும். முதுகு நனைந்துவிட்டால் கரையில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டியதுதான்.

போன வருஷம் ஒரு நாள் காலையில் வேண்டாம் என்றவள், வந்தவர்கள் கெஞ்சிய கெஞ்சலில் மத்தியானம் சரி என்றுவிட்டாள். படகு கவிழ்ந்து ஒருவனுக்குக் கால் முறிந்தது. அன்றைக்கே எர்மெக்கை ரொட்டியின் மேல் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினாள். அவள் ஒரு கையைத் தூக்கினால் கிளம்பு என்று அர்த்தம். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்கே போட்டால், இருக்கிற இடத்திலேயே இரு. குறுக்கே போட்டுவிட்டால் அன்று முழுக்க அதுதான். பிறகு அவளே மனம் மாறிக் கை காட்டினாலும் அவன் கேட்கக் கூடாது. ரொட்டி மேல் செய்த சத்தியத்தை மீற அந்த ஊரில் யாருக்கும் துணிச்சல் வராது.

இந்த ஜூலையில் வெயில் கொளுத்தியது. அல்மாட்டி நகரத்திலிருந்து ஆறு பேர் வந்து இறங்கினார்கள். இரண்டு நாளாக ஆட்டின் முதுகுக்கு மேலே தண்ணீர். இரண்டு நாளும் குல்பரா வேண்டாம் என்றாள். கூட்டத்தின் தலைவன் தவுரேன், வாய் சும்மா இருக்காத ஆள்.

"அக்கா, நாங்க படகுல போக வந்தோமா, உங்க ஆட்டுக்குக் காவல் இருக்க வந்தோமா?"

"காவலுக்கும் ஆள் தேவைதான் தம்பி. டீ உண்டுல்ல, குடிங்க."

எர்மெக்கின் முகம் தொங்கிப்போயிருந்தது. அவனை அப்படிப் பார்க்க அவளுக்குப் பொறுக்காது.

மூன்றாம் நாள் காலை அவள் ஆற்றுக்கு இறங்கினால், ஆடு குளம்பைக் காட்டிக்கொண்டு நிற்கிறது! முழங்கால் கூட இல்லை. இரண்டு வருஷமாக அவள் பார்க்காத குளம்பு. ராத்திரி முழுக்கப் புழுக்கமாகத்தானே இருந்தது என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்பை நிறுத்தி வைத்துப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் எல்லோருடைய முகத்தையும் சுருங்க வைத்தவளுக்குச் சரி என்று சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைத்தது, அவ்வளவுதான். இந்த ஆற்றோடு வாழ்கிறவர்களுக்குக் கூடுதல் தண்ணீர்தான் பயம். குறைந்த தண்ணீரைப் பார்த்து அங்கே யாரும் பயந்ததில்லை.

அவள் ஒரு கையை உயர்த்தினாள்.

"ஆடு கால் கழுவக்கூடத் தண்ணி இல்லையே! இதுக்கா ரெண்டு நாள் பயந்தீங்க?" என்று தவுரேன் லைஃப் ஜாக்கெட்டை மாட்டினான். எர்மெக் படகைத் தள்ளும்போது அவளைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"சாயங்காலம் கறி வேக வை. பசியோட வருவோம்."

"முதல்ல முழுசா வாங்க."

படகு போன பிறகு கெட்டிலைக் கழுவக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஆறு விட்டுப்போன சின்னக் குட்டையில் மீன்கள் சிக்கித் துள்ளிக்கொண்டிருந்தன. வெயில் படாத பக்கத்துக் கற்களில் இடுப்பு உயரம் வரை ஈரம் காயவில்லை. ஆறு மெல்ல இறங்கவில்லை, யாரோ குழாயை மூடியதுபோல நின்றிருக்கிறது. இந்த வெயிலில் பனி உருகாமல் இருக்குமா? மேலே எங்கேயோ மலை சரிந்து ஆற்றை அடைத்திருக்கிறது. அடைத்த மண் எவ்வளவு நேரம் தாங்கும்? பள்ளத்தாக்கில் போனும் எடுக்காது.

சேணம் கூடப் போடாமல் குதிரை மேல் ஏறினாள். ஆறு குன்றைச் சுற்றிக்கொண்டு போகும். ஆட்டுப் பாதையில் குன்றைக் குறுக்கே ஏறினால் படகு தாண்டிப் போவதற்கு முன்னாலேயே அந்தப் பக்கத்துப் பாறை விளிம்புக்குப் போய்விடலாம். கீழே ஆற்றின் நடுவில் கூழாங்கல் திட்டு. எர்மெக் எப்போதும் அங்கேதான் டீக்கு நிறுத்துவான். குதிரையை அவள் அன்று அடித்த அடி அதற்கு ஜென்மத்துக்கும் மறக்காது.

விளிம்பில் இறங்கிப் பார்த்தாள். திட்டு இன்றைக்கு மைதானம் மாதிரி விரிந்து கிடந்தது. தர்பூசணி வெட்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் ரௌஷன் என்ற பெண் மட்டும் ஓடையாகச் சுருங்கியிருந்த ஆற்றைத் தாண்டி எதிர்க்கரைச் சரிவில் ஏறி, டீக்குப் போட ஏதோ பச்சிலை பறித்துக்கொண்டிருந்தாள்.

"போயிடுங்க! கரை ஏறுங்க!"

குரல் பாறையில் முட்டிச் சிதறியது. எர்மெக் நிமிர்ந்து பார்த்துக் கையாட்டினான். பிறகு படகைத் தண்ணீருக்கு இழுக்கத் தொடங்கினான். படகிலே ஏறினால் அடுத்து வருவது இருபுறமும் சுவர் போன்ற இடுக்கு, அதற்குள் வெள்ளம் பிடித்தால் எலும்புகூடக் கிடைக்காது. அவள் யோசிக்கவில்லை. பழகிய கைகள் தாமாகவே தலைக்கு மேலே போய்க் குறுக்கே விழுந்தன.

எர்மெக் உடனே நின்றான். படகைத் திட்டின் நடுவுக்கு இழுத்துப் போனான்.

"அய்யோ, இல்ல! அங்க இருக்காதீங்க!"

ஒரு கையைத் தூக்கினாள். எதிர்ச் சரிவைக் காட்டினாள். எர்மெக் வானத்தைப் பார்த்தான், மேகமே இல்லை. அவள் மண்டியிட்டாள், முக்காட்டை அவிழ்த்து வீசினாள், மறுபடியும் மறுபடியும் ஒற்றைக் கையைத் தூக்கினாள். அவன் சிரித்துக்கொண்டே தன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்கே போட்டுக் காட்டினான். பிறகு குனிந்து, படகின் கயிற்றை ஒரு பெரிய கல்லில் இரண்டு முடிச்சாகக் கட்டினான்.

குதிரைதான் முதலில் காதை விடைத்தது. ஆறு வந்தபோது அதில் தண்ணீர் தெரியவில்லை. மண்ணும் மரமுமாக, மலையே எழுந்து நடந்து வந்தது.

துக்கக் கூடாரத்தில் பெண்கள் அந்த ஊர் வழக்கப்படி சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். உயிரோடு மிஞ்சிய ஒரே ஆளான ரௌஷன் வந்து குல்பராவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு அவர் குரல் கேட்டுச்சு அக்கா. தவுரேன், 'உங்க வீட்டம்மா போகச் சொல்றாங்கய்யா, கிளம்பலாம்'னான். அதுக்கு அவர், 'அவ வேண்டாம்னு சொன்னா சொன்னதுதான். சோதிச்சுப் பாக்குறா. இப்பக் கிளம்பினா வீட்ல எனக்கு டீ கூடக் கிடைக்காது'ன்னு சிரிச்சாரு."

யாரோ குல்பராவின் முன்னால் ரொட்டித் தட்டை வைத்து, இரண்டு நாளாகிறது, ஒரு துண்டாவது சாப்பிடு என்றார்கள். அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.