தண்ணீருக்கு மேலே ஒரு பாதை

சின்னராசா காட்டின் உச்சியில் சைக்கிளை மரத்தில் சாய்த்துவைத்து, அதன் பின்பக்கம் கட்டையைக் கட்டிக்கொண்டிருந்தான். தொடை மொத்தத்தில் ஒரு சவுக்குக் கட்டை. அதைக் கயிற்றில் பிணைத்துவிட்டால், இறக்கத்தில் தரையைப் பிறாண்டிக்கொண்டே பின்னால் வரும். விறகுப் பாரத்தோடு அந்தச் செங்குத்தில் இறங்கும் சைக்கிளைப் பிரேக் பிடித்து நிறுத்த முடியாது. கட்டைதான் இழுத்துப் பிடிக்கும்.

"என்ன மச்சான், சைக்கிளுக்குத் தாலியா கட்டுற? நல்ல நேரம் போயிருச்சு, சீக்கிரம் கட்டு" என்றான் தங்கராஜா. அவன் ஏற்கனவே இறங்கத் தயாராக நின்றான்.

"சிரிக்காத. இந்த முடிச்சு அறுந்துச்சுன்னா என் பொண்டாட்டி தாலியும் சேந்து அறுந்துரும்."

இருவரும் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். அவர்களுக்கு முன்னும் பின்னும் இன்னும் பலர். புழுதியும் சருகும் பறந்தன. கீழே மரங்களுக்கிடையில் நீர்த்தேக்கம் பளிச்சென்று தெரிந்தது. அதைத் தாண்டித் தேயிலை மலை. அதற்கும் கீழே அவர்கள் குடியிருக்கும் லயங்கள். இன்னும் இறங்கினால் ஹல்துமுல்லை ரோடு.

அரிசிக்கும் மாவுக்கும் நாடே வரிசையில் நின்ற எழுபத்து நான்காம் வருடம் அது. தோட்டத்தில் கொடுத்த மாவு வாரத்தின் பாதிக்குக்கூடக் காணாது. மத்தியானம் வேலை முடிந்ததும் ஆண்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு காட்டுக்கு ஏறுவார்கள். காய்ந்த விறகை வெட்டிக் கட்டி, ரோட்டோரத்தில் பலீல் முதலாளியின் பேக்கரிக்குக் கொண்டுபோவார்கள். விறகுக்குப் பதிலாக அவர் பாண் கொடுப்பார். சூட்டோடு துண்டில் சுற்றிய பாணைக் கொண்டுவந்தால் அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்படிச் சண்டை இல்லை.

சின்னராசாவின் மகள் பரிமளம் வாசலிலேயே காத்திருப்பாள். இன்னும் பள்ளிக்கூடம் போகிற வயதாகவில்லை. வாய் மட்டும் ஓயாது.

"மேல் தோல் எனக்கு. அம்மாவுக்கு உள்ளுக்குள்ள உள்ளது. அப்பாவுக்கு வாசம்" என்று பங்கு பிரிப்பாள்.

காட்டிலிருந்து இறங்க நல்ல பாதை ஒன்று இருந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் போட்டது. மலையைச் சுற்றிச் சுற்றி வளைந்து இறங்கும். ஒவ்வொரு வளைவிலும் தண்ணீர் ஓடக் கல் பதித்த கான் உண்டு. ஆனால் நேரம் பிடிக்கும். பசிக்கு வளைவு பிடிக்காது. யாரோ ஒருவன் ஒருநாள் நேராக இறங்கினான். மறுநாள் இன்னொருவன். இப்போது எல்லோரும் அந்த நேர்ப்பாதையில்தான். அது நீர்த்தேக்கத்துக்குச் சரியாக மேலே விழுந்தது. லயத்துப் பீலியில் கொட்டுகிற குடிதண்ணீர் முழுவதும் அந்த நீர்த்தேக்கத்திலிருந்து குழாயில் வருவதுதான்.

கட்டை முதல்முறை பிறாண்டும்போது சருகு போகும். பிறகு புல். பிறகு வேர். வேர் போன மண்ணைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. நேர்ப்பாதை முழங்கால் ஆழத்துக்குப் பள்ளமாகிவிட்டதை எல்லோரும் பார்த்தார்கள். சைக்கிள் விலகாமல் போக வசதியாக இருக்கிறது என்றார்கள்.

ஒரு சாயங்காலம் மீனாம்பாள் குடத்தை அவன் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"இதப் பாருங்க. தேயிலை போடாமலே தேத்தண்ணி."

"தூறல்ல கலங்கியிருக்கும் புள்ள."

"தூறலுக்கே இப்படின்னா, ஐப்பசி மழைக்கு என்ன ஆகும்? நான் மேல போய்ப் பாத்தேன். டேங்குக்கு மேல தரையெல்லாம் பேந்து கெடக்கு. தோட்டத்து மண்ணு கரையக் கூடாதுன்னு காலையில தேயிலைக்குள்ள கான் வெட்டுறீங்க. சாயங்காலமானா நம்ம தண்ணிக்குள்ள மண்ண எறக்கி விடுறீங்க. நல்லாயிருக்கு ஒங்க வேலை."

சின்னராசா குடத்துத் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தான். கான் வெட்டுவதுதான் அவன் பிழைப்பு. சரிவில் குறுக்கே கான் இல்லாவிட்டால் மழை மண்ணை என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியாதா?

மறுநாள் அவன் வளைவுப் பாதையில் இறங்கினான்.

"எங்கடா போற, மாமியார் வீட்டுக்கா?" என்று தங்கராஜா கூவினான். "நீ ஒருத்தன் சுத்திப் போனா மலை நிமிந்துருமா?"

பேக்கரிக்குப் போய்ச் சேரும்போது அடுப்புச் சூடு தணிந்திருந்தது. பலீல் முதலாளி வெறும் தட்டுகளைக் காட்டினார்.

"பாண் முடிஞ்சி சின்னராசா. மத்தவங்க எல்லாம் வந்து எடுத்துட்டுப் போய்ட்டாங்க. நேரத்தோட வந்தீங்கண்டா வெச்சிருப்பனே. வெறகப் போட்டுட்டுப் போங்க, நாளைக்கு எடுங்க."

பரிமளம் வாசலில் நின்றாள். அவன் துண்டை உதறித் தோளில் போட்டதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அழவில்லை. "வாசமும் இல்லையாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த நாள் சின்னராசா நேர்ப்பாதையில் கட்டையைக் கட்டினான். தங்கராஜா கேலி செய்யவில்லை. நகர்ந்து வழி விட்டான். மீனாம்பாள் பாணைப் பார்த்தாள், பிய்த்து மகளிடம் கொடுத்தாள்.

ஐப்பசி பிறந்தது. மழை ஒரு வாரம் விடாமல் அடித்தது. நேர்ப்பாதையில் தண்ணீர் ஆறாக ஓடிற்று. மலையின் மண் மொத்தமும் நீர்த்தேக்கத்துக்குள் இறங்கியது. பீலியில் முதலில் சேறு கொட்டியது, பிறகு சொட்டியது, பிறகு நின்றுவிட்டது. குழாயின் வாய் மண்ணுக்குள் புதைந்துபோயிற்று.

தோட்டத்து ஆபீசுக்குப் போய்ச் சொன்னார்கள். மழை விடட்டும், ஆள் அனுப்புகிறோம் என்று பதில் வந்தது. கொட்டும் மழையில் எங்கே பார்த்தாலும் தண்ணீர், குடிக்கத்தான் இல்லை. பெண்கள் லயத்துக்குக் கீழே ஓடையில் மொண்டார்கள். கக்கூசுப் பக்கம் வழிந்து வருகிற ஓடை அது. எல்லோருக்கும் தெரியும். வேறு வழி தெரியவில்லை.

முதலில் லயத்தின் கடைசிக் காம்பரா வீட்டில் ஒரு கிழவருக்கு வயிறு போயிற்று. பிறகு பிள்ளைகளுக்கு. தோட்டத்து மருந்து ஐயா வைரவநாதன் குடையோடு வீடு வீடாக வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். சத்தமாகப் பேசுவார், அன்றைக்குக் குரல் தணிந்திருந்தது.

"உந்தத் தண்ணியப் பச்சையாக் குடுக்காதேங்கோ. நல்லாக் கொதிக்க வைச்சு ஆறவிட்டுக் குடுங்கோ. விளங்குதோ?"

விளங்கியது. ஆனால் கொதிக்க வைக்கக் காய்ந்த விறகு வேண்டும். அதுதான் அத்தனையும் பேக்கரிக்குப் போய்விட்டதே. வீட்டில் கிடந்தது ஈர விறகு. மீனாம்பாள் ஊதி ஊதிக் கண் சிவந்ததுதான் மிச்சம், தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. தாகம் என்று அழுத பிள்ளைக்கு அதைத்தான் கொடுத்தாள்.

பரிமளத்துக்கு வயிற்றோட்டம் கண்டது. கண் உள்ளே போயிற்று. தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றது. மருந்து ஐயா பதுளை ஆஸ்பத்திரிக்குத் துண்டுச்சீட்டு எழுதித் தந்தார். சின்னராசா அவளைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான். மீனாம்பாள் பின்னால் ஓடினாள். ரோட்டில் மண் சரிந்து பஸ் நிறையத் தாமதித்தது. பண்டாரவளை தாண்டும்போது பிள்ளை தண்ணீர் கேட்டாள். பக்கத்தில் இருந்த அம்மா ஒருத்தி போத்தலை நீட்டினாள். பரிமளம் அதைக் கண்ணெதிரே தூக்கிப் பார்த்தாள்.

"வெள்ளையா இருக்கும்மா" என்றாள்.

பதுளையில் கட்டிலில் கிடத்தும்போது உயிர் இருந்தது. விடியும்போது இல்லை.

சாவு வீட்டுக்கு லயமே வந்தது. அன்றைக்கு அந்த லயத்தில் அது மட்டும் சாவு வீடு அல்ல. ஆண்கள் வாசலில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தங்கராஜாதான் மெல்ல வாயைத் திறந்தான்.

"என்ன செய்யிறது தங்கச்சி. எல்லாம் விதி."

மீனாம்பாள் தலையை நிமிர்த்தினாள்.

"விதிக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாதுண்ணே."

தங்கராஜா நின்ற இடத்திலேயே குந்திவிட்டான். சின்னராசா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அந்தச் சொல் தங்கராஜாவுக்குச் சொன்னது அல்ல என்று அவனுக்குத் தெரியும்.

மழை விட்டது. ஆபீசிலிருந்து ஆள் வந்து குழாயின் வாயைத் தோண்டினார்கள். பீலியில் மறுபடியும் தண்ணீர் விழுந்தது, பழைய அளவில் பாதி. நீர்த்தேக்கத்தின் அடியில் தங்கிய மண்ணை அள்ள வழியில்லை என்றார்கள்.

அன்றே சின்னராசா சைக்கிள் இல்லாமல் காட்டுக்கு ஏறினான். தோளில் மண்வெட்டி. நேர்ப்பாதையின் நடுவில் நின்று குறுக்கே கான் வெட்ட ஆரம்பித்தான். வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் வரம்பாகப் போட்டுக் கல்லை வைத்து இறுக்கினான். ஒன்று முடிந்ததும், கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

மேலேயிருந்து கட்டைகள் பிறாண்டும் சத்தம் கேட்டது. நம்ப முடியாமல் நிமிர்ந்தான். விறகுப் பாரத்தோடு சைக்கிள்கள். வயிறு மட்டும் மழைக்கும் சாவுக்கும் காத்திருக்கவில்லை.

முன்னால் வந்த தங்கராஜா கானைக் கண்டு நிறுத்தினான். பிறகு பாரத்தோடு சைக்கிளைத் திருப்பி வளைவுப் பாதைக்குத் தள்ளினான். அவனைப் பார்த்து இன்னும் இரண்டொருவர் திரும்பினார்கள். மற்றவர்கள் தயங்கி நின்றார்கள்.

மேல்கணக்கு லயத்திலிருந்து வருகிற குப்பமுத்து மட்டும் மணியை அடித்தான்.

"வழிய விடுண்ணே. பாண் முடிஞ்சிரும். ரெண்டு புள்ள வீட்டுல பசியா கெடக்கு."

"வளைஞ்சு போ."

"நாளையிலருந்து போறேன். இன்னைக்கு மட்டும். நான் ஒருத்தன் தானே?"

சின்னராசா அசையவில்லை. குப்பமுத்து அவனைச் சுற்றிப் பக்கத்துப் புதருக்குள் சைக்கிளை இறக்கினான். கட்டை பின்னால் போயிற்று. பச்சைப் பன்னச் செடிகள் வேரோடு பிடுங்கிக்கொண்டு விழ, சரிவில் புதிதாக ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. அது நேராக நீர்த்தேக்கத்தை நோக்கிப் போயிற்று.

சின்னராசா அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, தயங்கி நின்றவர்கள் பக்கம் திரும்பினான்.

"பசின்னுதான் நானும் போனேன். இன்னைக்கு மட்டும்னு, நான் ஒருத்தன் தானேன்னு. ஒவ்வொருத்தனும் அப்படித்தான் நெனைச்சான். எல்லாரும் குடிக்கிற தண்ணிக்கு மேல நான் ஒருத்தன் தானேன்னு யாரும் இல்லடா. அங்க ஒருத்தன் செய்யிறது எல்லாரும் செய்யிறதுதான். என் புள்ளய மழை கொல்லல. நாந்தான் கொன்னேன். ஒங்க புள்ள இன்னும் இருக்கு. சுத்திப் போங்க."