எத்தனை போன்?

கவுன்சிலர் அலுவலகத்தில் போன் எடுப்பது என் வேலை. மாலையில் கவுன்சிலர் வந்தால் நாற்காலியில் உட்காருவதற்குள் கேட்டுவிடுவார்: "ஏம்மா, எதுக்கு எத்தனை போன்?" எத்தனை பேர் பேசினார்கள் என்று கேட்க மாட்டார். இந்த வித்தியாசத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டவர்கள் எங்கள் வார்டில் நாலே பேர்.

நாலு பேருக்கும் நான் பட்டப்பெயர் வைத்திருந்தேன். எடுத்ததும் "நான் யார் தெரியுமா?" என்று ஆரம்பிப்பவர் நான்யார். இருமி இருமிப் பேசுகிறவர் இருமல் மாமா. அடுத்தது அவர் மனைவி. குரலை மாற்றி வேறு யாரோ போலப் பேசுவதாக நினைப்பு, பின்னால் அதே இருமல் கேட்கும். கடைசி ஆள் மாடிவீட்டு அக்கா. ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டு நான் டீ குடித்துவிட்டு வந்தாலும் அந்த அம்மாளுக்குத் தெரியாது.

இவர்கள் வீடுகளுக்கு எதிரே ஒரு பஸ் ஸ்டாப் இருக்கிறது. கூட்டம் நிற்கிறதாம், குப்பை போடுகிறதாம், சத்தமாம். அதைத் தூக்கி நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் வைக்க வேண்டுமாம். நாள் முழுக்க மாற்றி மாற்றி இதே பாட்டு. எனக்குக் காது புளித்துவிட்டது.

அந்த ஸ்டாப்பில்தான் என் மகள் பள்ளிக்கு பஸ் ஏறுகிறாள். எட்டு வயது. அவள் அப்பா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறார், விடியும் முன்பே கிளம்பிவிடுவார். நானும் அலுவலகம் திறக்க ஓட வேண்டும். ஸ்டாப் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் அவளே போய்விடுகிறாள். நெடுஞ்சாலை என்றால் அத்தனை லாரிக்கு நடுவே எப்படி விடுவது? பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் என் அக்கா, "பேசாம பாப்பாவை இங்க விட்டுடு, லீவு நாள்ல வந்து பாத்துக்க" என்றாள். நல்லதற்குத்தான் சொன்னாள். ஆனால் என் பிள்ளை, "அம்மா, என் துணியெல்லாம் எந்தப் பையில வைக்கணும்?" என்று கேட்டபோது நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

கவுன்சிலரிடம் சொல்லிப் பார்த்தேன். "சார், இது நாலே பேர். அவங்களேதான் திரும்பத் திரும்பப் பண்றாங்க."

"தெரியும்மா. ஆனா ஸ்டாப்புல நிக்கிறவங்க ஒருத்தராவது பண்ணாங்களா? வாயே திறக்காதவங்களுக்கு என்ன வேணும்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"நான் சொல்றேனே, சார்."

"நீ ஆபீஸ் ஆளு. உன் பேச்சைக் கேட்டா, வேண்டியவங்களுக்குச் செஞ்சுட்டான்னு அந்த நாலு பேர் ஊரைக் கூட்டிடுவாங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல். மறுநாள் ஸ்டாப்பில் நின்ற ஒவ்வொருவரிடமும் போன் பண்ணச் சொல்லிக் கெஞ்சினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். "இவ்வளவு பேர் இருக்கோம், யாராவது சொல்லியிருப்பாங்க" என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்கள். ஒரு போன் வரவில்லை.

என் வீட்டுக்காரரைக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவருக்குப் பேச்சு திக்கும். கடையில், பள்ளியில், டாக்டரிடம், எங்கேயும் அவருக்கு நான்தான் வாய். ஒரு சொல் சிக்கினால் நான் எடுத்துக் கொடுத்துவிடுவேன். வீட்டில் போன் அடித்தால் குளியலறைக்குள் போய்விடுகிற மனிதர் அவர்.

ஸ்டாப்பை மாற்றும் பரிந்துரையில் கவுன்சிலர் கையெழுத்துப் போட வேண்டிய நாள் வந்தது. பேனாவை எடுத்துவிட்டார். போன் அடித்தது. எடுத்தேன். சலவை இயந்திரங்களின் இரைச்சலும் யாரோ மூச்சு விடுவதும் மட்டும் கேட்டன.

"ராங் நம்பரா? வெச்சிடும்மா," என்றார் கவுன்சிலர்.

"ப... ப... ப..." என்றது போன்.

'பஸ் ஸ்டாப்' என்பது என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நான் சொன்னால் அது என் பேச்சாகிவிடும், கணக்கில் வராது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"சொல்லுங்க. அவசரமில்ல. நான் கேட்டுட்டுத்தான் இருக்கேன்."

என் முகத்தைப் பார்த்த கவுன்சிலர் கை நீட்டி ஸ்பீக்கரைப் போட்டார். அந்தப் பக்கம் யாரோ இயந்திரங்களை ஒவ்வொன்றாக நிறுத்துவது கேட்டது.

"ப... பஸ் ஸ்டாப்பை மா... மாத்தாதீங்க. எ... என் பொண்ணு அங்கதான் ஏறுது. மாத்தினா அ... அதை வேற வீட்டுல வி... விடணும். எங்களால மு... முடியாதுங்க."

"உங்க பேருங்க?" என்றேன். எல்லோரிடமும் கேட்க வேண்டியது, கேட்டுத்தானே ஆக வேண்டும்? அவருக்கு உலகத்திலேயே கஷ்டமான சொல் அதுதான். கல்யாணத்தன்றுகூட அவர் பேரை நான்தான் சொன்னேன்.

நானும் கவுன்சிலரும் காத்திருந்தோம். அவர் முட்டினார், நின்றார், மறுபடி ஆரம்பித்தார். கடைசியில் முழுதாகச் சொல்லி முடித்தார். இத்தனை வருஷத்தில் அந்தப் பேரை அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எவ்வளவு நல்ல பேர்!

கவுன்சிலர் பேனாவை மூடினார். "இன்னிக்குக் கையெழுத்து வேண்டாம்மா," என்று காகிதத்தைத் தள்ளி வைத்தார்.

"நா... நாளைக்கும் ப... பண்றேங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

"பண்ணுங்க," என்றேன். "நான்தான் எடுப்பேன்."