கடல்காற்று திரும்பும் முன்

“ஸ்டிஃபில்னா என்னாங்க அர்த்தம்?” என்று கேட்டான் செந்தமிழ்செல்வன்.

“ஸ்டைஃபிள். மூச்சு முட்ட வைக்கிறது. சிரிப்பு, கொட்டாவி வந்தா அடக்கிக்கிறோம் இல்ல, அதுக்கும் சொல்லலாம். ஒருத்தர வாயத் தெறக்க விடாம அமுக்கினாலும் அதான்.”

“ஒரே வார்த்தைக்கு மூணு ஷிப்ட்டா? ஓவர்டைம் குடுக்கிறாங்களா?”

காபி புரையேறும் அளவுக்குச் சிரித்தாள் ஸ்ரீமதி. 2004இல், நிச்சயம் முடிந்த பத்தாம் நாள், சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு காபிக் கடை. கம்பெனியில் கொடுத்த பாதுகாப்புப் புத்தகத்தில் அந்த வார்த்தையைப் பார்த்ததாகச் சொன்னான். அது அங்கே எதற்கு வருகிறது என்று ஆங்கிலம் படித்தவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவன் சிரிக்கும்போது சுருங்கும் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருமணமாகி செம்மங்குப்பம் வந்த முதல் நாள் மதியமே அது எதற்கென்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அழுகிய முட்டையும் நகப்பூச்சும் கலந்தாற்போல ஒரு நெடி. காலையில் காற்று மேற்கிலிருந்து கடலை நோக்கிப் போகும், எதுவும் தெரியாது. பதினொரு மணிக்குமேல் கடல்காற்று திரும்பும்போது, ஊருக்கும் கடலுக்கும் நடுவிலிருக்கும் ரசாயன ஆலைகளின் மூச்சையும் அள்ளிக்கொண்டு வரும். அதனால் அந்தத் தெருவில் சம்பந்தம் பேச வருகிறவர்களை யாரும் மதியச் சாப்பாட்டுக்கு அழைப்பதில்லை. காலை எட்டு மணிக்கு வரச்சொல்லி, இட்லியும் கேசரியும் கொடுத்து, பத்தரைக்குள் பஸ் ஏற்றிவிடுவார்கள். அவளுடைய அப்பாவும் அப்படி வந்து, அப்படியே திருப்தியாகத் திரும்பியவர்தான்.

மகள் சுவேதாவுக்கு இரண்டு வயதில் மூச்சிழுப்பு தொடங்கியது. “ஊர் மாத்திப் பாருங்கம்மா” என்றார் டாக்டர். அதைக் கணவனிடம் சொல்ல ஸ்ரீமதி எத்தனையோ முறை வாயெடுத்தாள். சிதம்பரத்தில் அப்பா வீட்டு மாடி காலியாகத்தான் இருந்தது. ஆனால் இந்த வேலை, அவனுடைய அப்பா ஆலைக்கு நிலத்தைக் கொடுத்ததற்காகக் கிடைத்தது. ஷிப்ட் முடித்து வந்ததும் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, மகளை மடியில் போட்டு முதுகைத் தடவிக்கொண்டிருக்கும் மனிதனிடம் எப்படிச் சொல்வது? மூன்று வருடமாகச் சொல்லவில்லை. அவள் ஆங்கிலம் நடத்தும் பள்ளியில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ‘ஸ்டைஃபிள்’ என்ற அந்த வினைச்சொல்லை நடத்தியபோது, அடக்கிக்கொள்வது என்ற இரண்டாவது பொருளுக்கு உதாரணம் எழுதப் போன கை சற்று நின்றது. பிறகு கொட்டாவியைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதிவிட்டாள்.

2010 ஏப்ரலில் ஒரு ஞாயிறு. கொழுந்தன் சித்தார்த்துக்குப் பார்த்த பெண்ணின் வீட்டார் குமராட்சியிலிருந்து வருவதாக இருந்தது. பி.முட்லூர் தாண்டி வேன் பஞ்சர், மாற்று டயரும் இல்லை. எட்டு மணிக்கு வரவேண்டியவர்கள் பன்னிரண்டரைக்கு வந்து இறங்கினார்கள். காற்று எப்போதோ திரும்பியிருந்தது.

“ஜன்னல எல்லாம் சாத்துடி. புள்ளைய உள்ரூம்ல படுக்க வையி. கேட்டா சளின்னு சொல்லு. வேற எதுக்கும் வாயத் தெறக்காத” என்றாள் மாமியார் லோகநாயகி. செந்தமிழ்செல்வன் சாம்பிராணித் தட்டோடு அறை அறையாகப் போனான். உள்ளறையிலும் புகை காட்டினான்.

“என்னா சம்மந்தி, பட்டப்பகல்ல ஜன்னல சாத்தி வச்சிருக்கீங்க?” என்றாள் பெண்ணின் தாய் பட்டம்மாள், முந்தானையால் விசிறிக்கொண்டே.

“வெயில் ஜாஸ்திங்க.”

“சாம்பிராணியும் ஜாஸ்தியா இருக்குதே. மாப்ளைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தினீங்களா?” என்றார் பெண்ணின் தாய்மாமன் ராமாமிர்தம். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் உள்ளேயிருந்து மெல்லிய விசில் சத்தம் கேட்டது. “பால் குக்கர் கத்துது பாரும்மா” என்றார் அவர்.

ஸ்ரீமதி உள்ளே ஓடினாள். புகை கட்டிலின் உயரத்துக்கு நின்றது. சுவேதா எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் மெத்தையைப் பற்றிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்வாங்கியது. உதடு நிறம் மாறியிருந்தது. அழக்கூட அவளிடம் காற்று இல்லை. அலமாரியிலிருந்து இன்ஹேலரை எடுத்து வாயில் வைத்து அழுத்தி, மகளைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

“சளிங்க” என்றாள் லோகநாயகி அவசரமாக. “ரெண்டு நாளா.”

பட்டம்மாள் எழுந்து வந்து குழந்தையின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு போய்த் தெருக்கதவைத் திறந்தாள். நெடி முகத்தில் அறைந்தது. முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

“நீயும் வெளியூர்லருந்து வந்தவதானம்மா. நீ சொல்லு. எம் பொண்ணக் குடுக்கலாமா?”

சித்தார்த் தரையைப் பார்த்தான். லோகநாயகியின் கண்கள் மருமகளின் வாயிலேயே இருந்தன. செந்தமிழ்செல்வன் இன்னும் சாம்பிராணித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மகளின் உதட்டைப் பார்த்தபடி நின்றான்.

ஸ்ரீமதி பட்டம்மாளிடமிருந்து திரும்பினாள். கணவனிடம் போனாள். அவனிடமிருந்து தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, குழந்தையை அவன் தோளில் சாய்த்தாள்.

“என்னாங்க, நம்ம சிதம்பரத்துக்குப் போயிடலாங்க. இன்னைக்கே.”