மூக்குக்காரர் சொன்னால் ஓடும் விசிறி

செருப்புக்கு அடிப்பாகம் ஒட்டுகிற அந்த அறையில், காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் பெரிய விசிறி ஒன்று சுவரில் இருந்தது. அதற்குச் சுவிட்ச் உண்டு, ஆனால் அது கட்டுப்பட்டதென்னவோ ஒரு மூக்குக்குத்தான். நாள் முழுக்க ஓடினால் பசை சீக்கிரம் காய்கிறதென்று மேஸ்திரி செய்த ஏற்பாடு அது. அங்கே ஒட்டுகிறவர்களில் மோப்பம் கூடியவரான மூக்குக்காரர் எழுந்து "நெடி கனத்துப்போச்சு" என்றால் போட வேண்டும், "போதும்" என்றால் நிறுத்த வேண்டும்.

மூக்குக்காரருக்குப் பெருமை கொஞ்சநஞ்சமில்லை. தெருமுனையில் வரும்போதே எந்த வீட்டு அடுப்பில் என்ன இருக்கிறதென்று சொல்லிக்கொண்டே வருவார். ஊரார் அடுப்பை மோந்தது போதும், நம்ம வீட்டுக்குள்ள வாங்க என்று அவர் மனைவி கூப்பிடாத நாளில்லை.

சமீபமாக அவர் எழுந்திருப்பது குறைந்துபோனது. இப்போது வருகிற பசை நல்ல பசை, நெடியே இல்லை என்றார். பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டுகிற மச்சினியும் நம்பினாள். அவள் தலைதான் நம்பவில்லை. மதியமானால் சுற்றியது. விரல் மரத்துப் பிரஷ் நழுவியது. குடிக்காமலே தள்ளாடுறியே, செலவு மிச்சம் என்று அவள் அக்கா, மூக்குக்காரரின் மனைவி, கேலி செய்தாள். ஒருநாள் மாடிப்படியில் உட்கார்ந்த தங்கை எழுந்திருக்க முடியாமல் தவித்ததும் கேலி நின்றது. கம்பெனி நர்சைப் பார் என்று அக்கா சொன்னதற்கு, பசையால் வந்ததென்றால் அத்தான் சொல்லியிருக்க மாட்டாரா என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பால் பொங்கி, வற்றி, பாத்திரமே கருகியது. அடுப்பை ஒட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த மூக்குக்காரர் தலையைத் தூக்கவில்லை. மனைவிக்குப் பொறி தட்டியது.

மறுநாள் சாயங்காலம் மூடிய பாத்திரம் ஒன்றை அவர் முன்னால் வைத்தாள்.

"என்னன்னு சொல்லுங்க பாப்போம்."

கண்ணை மூடி இழுத்து மோந்தார். "பூண்டு வதக்கியிருக்க. கொஞ்சம் தூக்கல்."

மூடியைத் திறந்தாள். உள்ளே இருந்தது அவர் அன்று கழற்றிப்போட்ட வேலைச் சட்டை. பசை நெடி குப்பென்று ஏறி அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம் வதக்கட்டுமா?"

அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நாளாகவே இப்படித்தான், சளி என்று நினைத்தேன் என்று முனகினார். மூக்கும் இல்லையென்றால் அந்த அறையில் தன்னை யார் மதிப்பார்கள் என்றார்.

"உங்க மூக்கு போனா பேருதான் போகும். என் தங்கச்சி தலை போனா எங்கேங்க போய் வாங்குறது?"

அடுத்த நாள் பசை டப்பாக்கள் திறந்து வெகு நேரமாகியும் அவர் குனிந்த தலை நிமிரவில்லை. மச்சினி விரல்களைத் தேய்த்துவிட்டுக்கொள்வதைப் பார்த்த பிறகுதான் எழுந்துபோய் விசிறியைப் போட்டார்.

"கனத்துப்போச்சா?" என்றார் மேஸ்திரி.

"தெரியல மேஸ்திரி. என் மூக்கு செத்துப்போச்சு. அதான் போட்டேன்."

மேஸ்திரி மற்றவர்களைக் கேட்டார். எல்லோரும் மோந்து பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். எனக்கும்தான் நெடி தெரியல, பசை காயுதப்பா என்று அவர் சுவிட்சுக்குக் கை நீட்டியபோது டீக்காரர் வந்தார். என்றைக்கும் போல வாசலிலேயே நின்று தட்டை நீட்டினார். உள்ளே வந்தா கால் தேஞ்சிடுமா என்று மச்சினி என்றைக்கும் போலக் கேட்டாள்.

"இந்த நெடியில எவன் உள்ள வருவான்?" என்றார் டீக்காரர், தோள்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு. "நீங்கல்லாம் எப்படித்தான் உக்காந்திருக்கீங்களோன்னு தினம் நினைச்சுக்குவேன்."

யாரும் டீயை எடுக்கவில்லை. மேஸ்திரியின் கை தானாக இறங்கியது.

"அத்தான், இனிமே டீக்காரரைத்தான் மூக்குக்காரர்னு கூப்பிடணும் போல," என்றாள் மச்சினி. நாக்கு லேசாகக் குழறியது.

"கூப்பிடு. ஆனா விசிறி யார் சொல்லியும் நிக்க வேண்டாம்," என்றார் மூக்குக்காரர்.

ஒரு டம்ளரை எடுத்து அவளிடம் கொடுத்தார். குடிச்சுட்டுக் கிளம்பு, நர்ஸ்கிட்ட போகலாம், என் மூக்கையும் காட்டணும் என்றார்.