அமுதவல்லியின் பெட்ரோல் வண்டி

திருச்சி விமான நிலையத்தின் கார் நிறுத்துமிடத்தில் அமுதவல்லி சாவியை அழுத்தியபோது, கண் சிமிட்டியது அவள் கணவன் குணசேகரனுக்குத் தெரிந்த வண்டியல்ல. அவன் எதிர்பார்த்து நின்றது ஏழு வருடங்களுக்கு முன் தானே பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்த வெள்ளை நிற டீசல் காரை. இதுவோ சிவப்பு நிறத்தில் ஒரு சின்ன பெட்ரோல் கார். அதுவும் எந்தக் கம்பெனியை அவன் இத்தனை காலமும் "தகர டப்பா" என்று சொல்லிவந்தானோ, அதே கம்பெனியுடையது. அவள் பின்கதவைத் திறந்து பெட்டிகளை ஒவ்வொன்றாக ஏற்றினாள். யாருடைய வண்டி என்று கேட்டதற்கு, நம்முடையதுதான், பழையதைக் கொடுத்து எட்டு மாதமாகிறது என்றாள். போனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்கத் தோன்றியது. அதற்குள் அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிவிட்டாள்.

குணசேகரன் ஷார்ஜாவில் ஓர் உதிரிபாகக் கடையில் பதினெட்டு வருடங்களாக இருக்கிறான். எந்த வண்டி எப்போது எங்கே கெடும் என்பது டாக்டரைவிடத் துல்லியமாகத் தனக்குத் தெரியும் என்பது அவன் எண்ணம். அறந்தாங்கிப் பக்கம் அவன் சொந்தத்தில் யாரும் அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கார் வாங்கியதில்லை. எல்லோருக்கும் அவன் ஒரே கம்பெனியைத்தான் சொல்வான். அந்த டீசல் எஞ்சின் இரும்பில் வார்த்தது, அடித்தாலும் சாகாது, ஆயில் மாற்றினால் போதும், பேரன் காலத்துக்கும் ஓடும். அந்தக் கம்பெனியின் பாகங்கள்தானே உங்கள் கடையில் அதிகம் விற்கின்றன, அப்படியென்றால் அதுதானே அதிகம் கெடுகிறது என்று ஒருமுறை மச்சினன் மடக்கினான். செத்த வண்டிக்கு யாரும் பாகம் வாங்க மாட்டார்கள், ஓடுகிற வண்டிக்குத்தான் வாங்குவார்கள் என்று பதில் சொல்லி அவன் வாயை அடைத்தான். ஆனாலும் அந்தக் கேள்வி அவனுக்குள் கிடந்தது. தனியாக இருக்கும்போது எடுத்துப் புரட்டிப் பார்ப்பான். இரண்டு பக்கமும் சரியாகத்தான் இருந்தது.

புதுக்கோட்டை தாண்டும்வரை அவன் எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தான். மூன்று சிலிண்டர். சிக்னலில் நின்றபோது இருக்கை லேசாக அதிர்ந்தது. அதைச் சொன்னான். அவள், ஆமாம், நின்றால் அதிரும், ஓடினால் தெரியாது என்றாள். அவள் கியர் மாற்றிய விதம் அவனை வியக்க வைத்தது. எஞ்சின் கேட்பதற்கு ஒரு நொடி முன்பே அவள் கை நகர்ந்தது. பழைய வண்டியில் அவள் எப்போதும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நாற்பதைத் தாண்டாமல்தான் ஓட்டுவாள்.

மறுநாள் காலை பல் விளக்கியதும் பானட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்தான். குறை சொல்ல நிறைய இருந்தது. ஆனால் அவனைக் குடைந்தது வேறு. பழைய வண்டியில் ஏதோ பெரிய கோளாறு வந்திருக்க வேண்டும், சொன்னால் அவன் வருத்தப்படுவான் என்று மறைத்திருக்கிறாள் என்று நினைத்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் சார்லஸுக்குப் போன் செய்தான். பழைய வண்டியை எட்டு மாதத்துக்கு முன் விற்றுக் கொடுத்தவனே சார்லஸ்தான்.

"வண்டியில ஒரு குறையும் இல்லண்ணே. கீரனூர்க்காரரு வாங்கி இன்னும் ஜம்முன்னு ஓட்டிக்கிட்டு இருக்காரு. ஏன் குடுக்குறீங்கன்னு நானே கேட்டேன், மதினி சொல்லல. நீங்களே கேட்டுப் பாருங்க."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு குறையுமில்லாத வண்டியை ஒருத்தி எதற்காக விற்பாள்? ஒரு எஞ்சினில் சத்தம் வந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதைப்போல இரண்டு நாள் அதையே தேடினான். பணமுடை இல்லை. யாரும் அவளைத் தூண்டிவிட்டதாகவும் தெரியவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது நேராகவே கேட்டுவிட்டான்.

அவள் ரசத்தை ஊற்றிவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள். போன வருடம் அந்த வண்டி ஒருநாள் வழியில் நின்றதே, ஞாபகமிருக்கிறதா என்றாள்.

ஞாபகமில்லாமல் எப்படி? கடையில் வருகிறவர்களிடமெல்லாம் அவன் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை அது. புதுக்கோட்டையிலிருந்து வரும் வழியில், தைலமரக்காட்டு ஓரத்தில், உச்சி வெயிலில் வண்டி நின்றுவிட்டதென்று அவள் போன் செய்தாள். என்ன விளக்கு எரிகிறது, சாவி போட்டால் சுற்றுகிறதா, புகை வெள்ளையா கருப்பா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். அந்த எஞ்சின் தானாக நிற்காது, நீதான் ஏதாவது செய்திருப்பாய் என்றும் சொன்னான். கடைசியில் டீசல் ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று பிடித்தான். பானட்டைத் திறக்கச் சொல்லி, தண்ணீரை வடிக்கச் சொல்லி, பம்பைக் கையால் அழுத்தச் சொல்லி, கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டே வண்டியைக் கிளப்பிக் காட்டினான். எஞ்சின் பிடித்த சத்தத்தைப் போனில் கேட்டபோது கடையில் இருந்த எல்லோரும் கைதட்டினார்கள்.

"நீங்க சொன்னதெல்லாம் சரிதாங்க. வண்டியும் நல்ல வண்டிதான். ஆனா அன்னைக்கு நான் எங்க போயிட்டு வாரேன்னு நீங்க கேக்கவே இல்லை."



மார்பில் ஒரு கட்டி இருந்தது, அதில் சதை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன் என்றாள். வண்டி நின்றது ஒருவகையில் நல்லதென்றுகூட நினைத்தாளாம். வேலை நேரத்தில் அவனைக் கூப்பிட ஒரு காரணம் கிடைத்தது, அப்படியே இதையும் சொல்லிவிடலாம் என்று. எஞ்சின் கிளம்பியதும் அவன், பார்த்தாயா நம்ம வண்டியை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். பத்து நாள் கழித்து, அது வெறும் கொழுப்புக் கட்டி, பயமில்லை என்று முடிவு வந்தது. அதற்குப் பிறகு சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

"அதுக்கப்புறம் அந்த வண்டிய ஸ்டார்ட் பண்ணாலே அந்தத் தைலமரக்காடுதான் கண்ணு முன்னால வந்துச்சு. அந்தச் சத்தம் எனக்கு ஆகல. அதான் சத்தமே இல்லாத வண்டியாப் பாத்து எடுத்தேன்."

அவள் சொன்ன குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. அந்தப் பத்து நாளும் அவள் தினமும் அவனோடு போனில் பேசியிருக்கிறாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டிருக்கிறாள். அவனும் ஒவ்வொரு நாளும், வண்டி மறுபடி மக்கர் செய்ததா என்று தவறாமல் கேட்டிருக்கிறான். இலையை மூடி எழுந்தவன் கை கழுவப் போய், குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை, கடற்கரைப் பக்கம் போய்வரலாம் என்று அவளே கூப்பிட்டாள். மாதத்தில் ஒன்றிரண்டு முறை ஜெகதாப்பட்டினம் போவாளாம். மீன் வாங்கத்தான் முதலில் போனது. இப்போது மீன் வாங்காவிட்டாலும் போகிறாள். ஆவுடையார்கோவில் தாண்டினால் ரோடு காலியாக இருக்கும், மூன்றாவது கியரில் வண்டி ஒரு இழுப்பு இழுக்கும், அது பிடிக்கும் என்றாள். சாவியை அவனிடம் நீட்டினாள். அவன் வாங்காமல் இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தான்.

வழியில் அவன் கேட்டான். எந்த ஆஸ்பத்திரி, ஊசி போட்டார்களா, வலித்ததா, துணைக்கு யார் இருந்தது. இத்தனை நாள் கழித்துக் கேட்பது அவனுக்கே கூச்சமாக இருந்தது. அவள் ரோட்டைப் பார்த்தபடியே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். துணைக்கு யாருமில்லை என்றபோது எதிரே ஒரு டவுன் பஸ் வந்தது. கியரைக் குறைத்து, ஒதுங்கி, வழிவிட்டு, மறுபடி வேகமெடுத்தாள். எஞ்சின் எங்கும் திணறவில்லை. அதைச் சொல்ல அவன் வாயெடுத்தான். பிறகு, அந்தப் பத்து நாளும் ராத்திரியில் தூங்கினாயா என்று கேட்டான். மீமிசலில் இடதுபக்கம் திரும்பியபிறகு, இல்லை என்றாள்.

துறைமுகத்தில் விசைப்படகுகள் நெருக்கியடித்து நின்றன. ஒரு படகின் எஞ்சினை மேலே தூக்கிக் கரையில் சாக்கு விரித்து வைத்திருந்தார்கள். மூடியைக் கழற்றியிருந்ததால் உள்ளே பிஸ்டன்களின் தலை தெரிந்தது. உப்பும் கரியும் படிந்து, பெயர் பொறித்த தகட்டின் மேல் பச்சை பெயின்ட் பூசியிருந்தது. அமுதவல்லி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அதன் பக்கத்தில் குந்தினாள்.

"இது எந்தக் கம்பெனிங்க?"

அவன் சுற்றிவந்து பார்த்தான். நான்கு சிலிண்டர். பழைய லாரி எஞ்சினாக இருக்கலாம். அதற்கு மேல் எதுவும் பிடிபடவில்லை.

"தெரியலையே" என்றான்.

அவளுக்கு எதிர்ப்பக்கம் அவனும் குந்தினான். படகுக்காரர் மண்ணெண்ணெயில் நனைத்த துணியை அவர்களிடம் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். அவள் துணியின் ஒரு நுனியை எடுத்தாள். தகட்டின் மேலிருந்த பச்சையை இருவரும் ஆளுக்கொரு பக்கமிருந்து தேய்க்கத் தொடங்கினார்கள்.