காலி என்று திருப்பி அனுப்பப்பட்ட குப்பி

1.

இந்தக் கதை என்னுடையது இல்லை. மாட்டுங்காவில் மாலை நேரத் தமிழ் எழுத்து வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் சபா, வடாபாவ் தின்றுகொண்டே சொன்னது. செம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அவள் தற்காலிக உதவியாளர். தமிழில் வாயாடுவாள், படிப்பதென்றால் எழுத்துக் கூட்டித்தான். "நீ எழுதுட்டி ஷைனி. ஆனா என்னைய மக்கு மாதிரி காட்டிராத" என்றாள்.

எழுதிப் பார்த்த முதல் வரிகள்:

ரைபோநியூக்ளியேஸ் என்பது ஆர்.என்.ஏ.வைத் துண்டாடும் ஒரு

(பாடப்புத்தகம். நிறுத்திவிட்டேன்.)

அந்த வெள்ளிக்கிழமை செம்பூர் வெயில்

(மே மாதம். வேறென்ன அடிக்கும்?)

2.

பாடப்புத்தகமும் கொஞ்சம் வேண்டியிருக்கிறது. ரைபோநியூக்ளியேஸ் நம் உடம்பிலேயே இருக்கும் ஒரு புரதம். ஆர்.என்.ஏ.வைக் கண்டால் நறுக்கிவிடும். அதற்கான மனித மரபணுவை பாக்டீரியாவுக்குள் வைத்து, அதையே செய்யவைத்து, பிரித்தெடுத்து, உலர்த்தி, விரல்நுனி அளவுக் குப்பியில் ஆராய்ச்சிக்கு விற்கிறார்கள்.*

* உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாத அளவு. இதைக் கடைசிவரை ஒளித்துவைத்தால் கதை விறுவிறுப்பாகுமோ என்று யோசித்தேன். சபாவிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

3.

சபாவின் வாப்பா ஜெயினுலாப்தீனுக்குத் தாராவியில் தோல்பைப் பட்டறை. அங்கே ஒரு பழக்கம்: கொண்டுவந்தவர் நிற்கும்போதே பார்சலைப் பிரிக்க வேண்டும்; சரக்கு சரியாக இருந்தால்தான் கையெழுத்து. அதைப் பார்த்து வளர்ந்தவள், அந்த வெள்ளிக்கிழமை ஆய்வுக்கூடத்துக்கு வந்த கூரியர்காரர் முன்னாலேயே தெர்மாகோல் பெட்டியைப் பிரித்தாள். ஐஸ் பைகளுக்கு நடுவே குப்பி. மூடியைத் திறக்காமல் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஒன்றுமில்லை. குலுக்கினாள். அப்போதும் இல்லை.

"அரே பாய், யே தோ காலி ஹை!"

"மேடம், சைன் கரோ. மேரா காம் டெலிவரி."

"காலி டப்பே கா சைன்? வாபஸ் லே ஜாவ்!"

கொடுப்பதோடு தன் வேலை முடிந்தது என்றவரை, வெறும் டப்பாவுக்குக் கையெழுத்தா என்று விரட்ட, திருப்பிக் கொண்டுபோய்விட்டார். ஒரு மோசடியைப் பிடித்த குஷியில் அன்று மதியம் கூடுதலாகச் சாப்பிட்டாளாம். (இதை நான் சேர்க்கவில்லை, அவளே சொன்னது.)

சாயங்காலம் ஆய்வாளர் பானுமதி கேட்டார். "ரைபோநியூக்ளியேஸ் வந்துதாம்மா?"

"வந்துச்சு மேடம். வெறும் குப்பி. திருப்பிட்டேன்."

பானுமதி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "சபா, அது அப்படித்தாம்மா தெரியும்."

மறு வாரம்தான் சபாவை நிரந்தரமாக்குவதா, அனுப்புவதா என்று முடிவு செய்யப்போகிறார்கள். முடிவு சொல்ல வேண்டியவர் பானுமதி.

4.

பெட்டி காட்கோபர் போய், பாலம் தாண்டி கோபர்கைரனே போய், ஞாயிறு முழுக்கத் தகரக்கூரை கிடங்கில் கிடந்தது. அந்தப் பயணத்தை வர்ணித்து ஒரு நீளப் பத்தி எழுதி, சபாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"ஏட்டி, நான் இங்க செத்துக்கிட்டிருக்கேன், நீ பாலத்தையும் கடலையும் காட்டுதியே!"

வெட்டிவிட்டேன்.

பானுமதி கூரியருக்குப் போன் செய்து கேட்டதில், திங்கட்கிழமை பெட்டி திரும்பியது. ஐஸ் பைகள் வெந்நீர்ப் பைகளாகியிருந்தன. பானுமதி திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்ததாம். "உலர்ந்த புரதம். அதுவும் இது லேசில சாகாது. பாத்துடலாம்" என்றார்.

சோதனை எளியது. ஒரு குழாயில் வெறும் ஆர்.என்.ஏ. இன்னொன்றில் அதே ஆர்.என்.ஏ.வோடு குப்பியில் கரைத்தெடுத்த ஒரு துளி. இரண்டையும் ஜெல் பலகையில் மின்சாரம் பாய்ச்சி ஓட்டி, சாயமேற்றிப் புற ஊதா விளக்கில் வைத்தால், ஆர்.என்.ஏ. கோடாக ஒளிரும். புரதம் வேலை செய்திருந்தால் இரண்டாவதில் கோடு இருக்காது.

5.

முடிவு (அ): இரண்டு கோடுகளும் ஒளிர்கின்றன. சபா பையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனை நோக்கி

(இதை எழுதும்போது சபா பக்கத்தில் இருந்தாள். முடிக்க மனம் வரவில்லை.)

முடிவு (ஆ), நடந்தது: இடப்பக்கம் பளிச்சென்று ஒரு கோடு. வலப்பக்கம் இருட்டு.

"மேடம்... இதுல ஒண்ணுமே இல்லியே?"

"ஒண்ணுமே இல்லம்மா!" பானுமதி சத்தமாகச் சிரித்தார். "தயவுசெஞ்சு இதையும் திருப்பி அனுப்பிடாதே."

சபாவும் கூடவே சிரித்துவிட்டாளாம். "மூச்சு அப்பதான் வந்துச்சுட்டி. மூணு நாளா எங்க போயிருந்துச்சுன்னு தெரியல" என்றாள். அந்த வாரமே வேலை நிரந்தரமானது.

6.

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் வீட்டில் வாப்பா கேட்டிருக்கிறார்: "பெர்மனென்ட் ஆயிட்டுல்லா? எல்லாம் நம்ம பட்டறைப் பழக்கம்ளா. பார்சல பிரிச்சுப் பாத்துட்டுதானே அங்கயும் கையெழுத்துப் போடுத?"

அதற்கு என்ன சொன்னாய் என்று கேட்டேன். சபா வடாபாவ் காகிதத்தைக் கசக்கிக்கொண்டு சிரித்தாளே தவிர, சொல்லவில்லை. நானாக அவள் சார்பில் பதில்கள் எழுதினேன். ஒன்றில் அவள் ரொம்ப நல்லவளாகிவிட்டாள், இன்னொன்றில் அந்தப் பழக்கத்தால்தான் வேலையே போகவிருந்தது என்று தெரிந்து வாப்பா சுருங்கிவிட்டார். எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். அவள் பதிலுக்கு இடம் விட்டிருக்கிறேன்:

"                                        "

காலி என்று எனக்கே திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.